தாடையோரப் பரு, அகலமாகும் வகிடு: ஆயுர்வேத மருந்தை எந்த வரிசையில் தொடங்குவது?

நிவே_வேளச்சேரி (கேள்வி)

வணக்கம். தங்கைக்காகக் கேட்கிறேன். வயது 23, உயரம் 158 செ.மீ., எடை 64 கிலோ. மூன்று வருடமாகத் தாடையோரத்திலும் கழுத்தின் மேல்பகுதியிலும் வலியோடு பெரிய பருக்கள் வருகின்றன. மாதவிலக்குக்கு ஒரு வாரம் முன்னால் கூடும். நெற்றியில் இருப்பது வேறு மாதிரி: ஒரே அளவில் பொடிப்பொடியாக, அரிப்போடு. ஒரு வருடமாக முன்வகிடு அகலமாகிக்கொண்டே போகிறது. மாதவிலக்கு 40 முதல் 50 நாளுக்கு ஒருமுறை.

தைராய்டு மாத்திரை 50 மைக்ரோகிராம், தினமும் காலை 6 மணிக்கு. போன மாதப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.8, ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பு) 9, டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) 3.2. இப்போது செய்வது: இரவில் முகத்துக்குக் குங்குமாதி தைலம், வாரம் மூன்று இரவு தலையில் தேங்காய் எண்ணெய் தேய்த்து அப்படியே தூக்கம், தினமும் பயோட்டின் (முடிக்கான வைட்டமின்) 10 மி.கி.

தெரிய வேண்டியவை மூன்று. பருவுக்கும் முடிக்கும் சேர்த்து ஆயுர்வேதத்தில் என்ன வரிசையில் மருந்து தருவார்கள்? வீட்டில் கரிசலாங்கண்ணித் தைலம் காய்ச்சச் சரியான அளவு என்ன? (போன முறை காய்ச்சியது 20 நாளிலேயே சிக்கு வாடை அடித்துவிட்டது.) கஷாயம், தைராய்டு மாத்திரை, இரும்பு மாத்திரை மூன்றையும் எந்தெந்த நேரத்தில் கொடுப்பது?

மயிலை_வைத்தியர்

நிவேதா, நீங்கள் கொடுத்த விவரத்திலேயே பாதி விடை இருக்கிறது. தாடையோரப் பரு, வகிட்டில் மெலிவு, 40 நாளைத் தாண்டும் மாதவிலக்கு. இந்த மூன்றும் ஒரே பெண்ணுக்கு இருந்தால் அதைப் பருவுக்கு ஒன்று, முடிக்கு ஒன்று என்று பிரித்து மருந்து வாங்கக் கூடாது. பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு) இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒழுங்கற்ற மாதவிலக்கு, ஆண் ஹார்மோன் மிகுதி, சினைப்பையில் நிறைய நீர்க்கட்டிகள் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால் பிசிஓஎஸ் என்பது 2003 முதல் உள்ள அளவுகோல். ஆனால் தைராய்டு, புரோலாக்டின், அட்ரினல் கோளாறுகள் இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் அந்தப் பெயரை வைக்கலாம்.

பயோட்டினை இன்றே நிறுத்துங்கள். முடிக்குக் கெடுதல் என்பதற்காகச் சொல்லவில்லை. பல லேப்களில் ஹார்மோன் அளக்கும் முறையே பயோட்டினை அடிப்படையாகக் கொண்டது. 10 மி.கி. உடம்பில் ஓடும்போது டிஎஸ்ஹெச் உண்மையைவிடக் குறைவாகவும், டெஸ்டோஸ்டிரோன் உண்மையைவிட அதிகமாகவும் காட்டக்கூடும். அந்த 3.2ஐ இப்போதைக்கு நம்ப வேண்டாம். நிறுத்தி குறைந்தது மூன்று நாள் கழித்து, மாதவிலக்கின் 2ஆம் நாள் முதல் 5ஆம் நாளுக்குள், காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கட்டும். டிஎஸ்ஹெச், புரோலாக்டின், மொத்த டெஸ்டோஸ்டிரோன், எஸ்ஹெச்பிஜி, டிஹெச்இஏ சல்ஃபேட், 17 ஹைட்ராக்ஸி புரொஜெஸ்டிரோன், வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஹெச்பிஏ1சி, பி12, கூடவே ஈரல் பரிசோதனை. காய்ச்சல் வந்து போன இரண்டு மூன்று வாரத்துக்குள் ஃபெரிட்டின் பார்க்காதீர்கள், பொய்யாக ஏறிக் காட்டும்.

ஹீமோகுளோபின் 10.8, ஃபெரிட்டின் 9 என்பது தெளிவான இரும்புக் குறைவு. இது சரியாகாமல் எந்தத் தைலமும் முடியைக் காப்பாற்றாது. ஆயுர்வேத நூலாசிரியர் சரகர் கணக்கில் கேசம் அஸ்தி (எலும்பு) தாதுவின் மலம், அதாவது கழிவு. ரச தாது (உணவுச் சாறு), ரக்த தாது (ரத்தம்) என்று படிப்படியாகப் போஷணை இறங்கிக் கடைசியில்தான் முடிக்கு வந்து சேரும். ரத்தமே குறைவாக இருக்கும்போது முடியில் ஆரம்பிப்பது நுனியில் தண்ணீர் ஊற்றி மரத்தை வளர்ப்பது போல.

இனி வரிசை. பருவை யௌவன பிடகை, முகதூஷிகை என்று நூல்கள் சொல்லும். கபமும் வாதமும் ரக்தமும் கெட்டு வருவது. முடி உதிர்வு காலித்யம்: பித்தம் வாதத்தோடு சேர்ந்து மயிர்க்கால்களில் இறங்கி முடியை உதிர்க்கும், பிறகு கபமும் ரக்தமும் அந்தத் துவாரத்தை அடைத்துப் புது முடியைத் தடுக்கும் என்பது சுசுருதர் விளக்கம். இரண்டிலும் ரக்தம் வருவதால் சிகிச்சையும் ஒரே பாதையில் போகும்.

முதல் இரண்டு மூன்று வாரம் வயிறு. பசி, மலம் ஒழுங்காக இல்லாதவருக்குக் கஷாயம் கொடுத்தால் குமட்டலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். திரிபலா சூரணம் 3 கிராம், படுக்கும் முன் வெந்நீரில். மறுநாள் இரண்டு முறைக்கு மேல் இளகிப் போனால் 2 கிராமாகக் குறைக்கவும். அடுத்து மகாமஞ்சிஷ்டாதி கஷாயம் 15 மி.லி., ஆறிய வெந்நீர் 45 மி.லி. கலந்து வெறும் வயிற்றில். உணவுக்குப் பின் சாரிபாத்யாசவம் 15 மி.லி., சம அளவு தண்ணீரோடு. ஆசவம், அரிஷ்டம் எல்லாமே புளித்து உண்டானவை, இயற்கையான மதுச்சத்து உண்டு. வேண்டாம் என்பவர்கள் முன்கூட்டியே சொன்னால் கஷாயத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மாதவிலக்கை ஒழுங்குபடுத்தக் காஞ்சனார குக்குலு கொடுப்பது வழக்கம். இவருக்கு அதை நேரில் பார்க்கும் வைத்தியர் மட்டுமே தீர்மானிக்க வேண்டும். குக்குலு தைராய்டு சுரப்பைக் கூட்டக்கூடியது. தைராக்ஸினோடு (அவர் சாப்பிடும் தைராய்டு மாத்திரை) சேர்ந்தால் படபடப்பு வரலாம், ஆரம்பித்த 6 முதல் 8 வாரத்தில் டிஎஸ்ஹெச் மறுபடி பார்க்க வேண்டும். கருத்தரிக்க வாய்ப்பிருந்தால் குக்குலுவும் குமாரியாசவமும் (கற்றாழை ஆசவம்) கூடவே கூடாது. அஸ்வகந்தாவும் தைராய்டு அளவை ஏற்றும். முடிக்கு நல்லது என்று யாராவது சொன்னார்கள் என்று சேர்த்துவிடாதீர்கள்.

இன்னொன்று: பருவுக்கு ஆரோக்யவர்தினி வாங்கிச் சாப்பிடுங்கள் என்று பலரும் எழுதுகிறார்கள். அதில் ரசமும் (பாதரசம்) கந்தகமும் தாம்ர பஸ்மமும் (செம்புப் பஸ்பம்) சேர்மானம். பாதரசம் கலந்த மருந்தைச் சீட்டு இல்லாமல் மாதக்கணக்கில் விழுங்குவது தவறு, மிகவும் தவறு. டப்பாவில் உரிம எண், தொகுதி எண், காலாவதி நாள், சேர்மானப் பட்டியல் எல்லாம் இருக்க வேண்டும். இல்லாததைத் தொடாதீர்கள்.

உணவில் பெரிய பத்தியம் வேண்டாம். டிபன் சாப்பிட்ட கையோடு ஃபில்டர் காபி குடிப்பதை மட்டும் ஒரு மணி நேரம் தள்ளுங்கள், இரும்பு ஏறுவதை அது கணிசமாகத் தடுக்கும். உப்பும் காரச்சத்தும் (மிளகாய்க் காரம் அல்ல, அப்பளக்காரம் போன்ற க்ஷாரம்) மிஞ்சினால் வழுக்கையும் நரையும் வரும் என்று சரகர் சொல்கிறார். தினமும் அப்பளம், ஊறுகாய், பாக்கெட் வறுவல் உள்ள வீட்டில் அதை நினைத்துப் பார்க்கலாம். எடையில் 3 கிலோ குறைந்தாலே பிசிஓஎஸ் உள்ள பலருக்கு மாதவிலக்கு நெருங்கி வரும். பட்டினி கிடந்து வேகமாகக் குறைத்தால் இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக முடி கொட்டும், ஆகவே மாதம் ஒரு கிலோ போதும்.

பாரிமுனை_மருந்தாளுநர்

தைலக் கேள்விக்கு நான் சொல்றேன் சகோதரி. சிக்கு வாடை வந்ததுக்குக் காரணம் ஒண்ணே ஒண்ணு: உள்ளே ஈரம் நின்னுபோச்சு. இலையை அலசி அப்படியே கொதிக்கிற எண்ணெயில போடுறது, பச்சை வாடை போனதும் அடுப்பை அணைக்கிறது, பிளாஸ்டிக் பாட்டிலில் ஊத்துறது. நம்ம ஊர் ஐப்பசி கார்த்திகை ஈரக் காத்துக்கு இது மூணும் சேர்ந்தா 20 நாளே அதிகம்.

கணக்கு 1:4:16. கல்கம் (அரைச்ச மருந்து விழுது) ஒரு பங்கு, எண்ணெய் நாலு பங்கு, சாறு பதினாறு பங்கு. 250 மி.லி. செக்கு நல்லெண்ணெய்க்கு 1 லிட்டர் கரிசலாங்கண்ணிச் சாறு, 60 கிராம் அதிமதுரப் பொடியைத் தண்ணி விட்டுக் குழைச்ச விழுது. தேங்காய் எண்ணெய்லயும் இதே கணக்குதான். பால் சேர்க்கிற முறையும் இருக்கு, வீட்டுல வேண்டாம். பதம் தவறினா பால் சேர்ந்ததுதான் முதல்ல கெடும்.

இலை சரியானதான்னு பாருங்க. கீரைக்காரம்மா கட்டுக் கட்டா விக்கிறது பெரும்பாலும் மஞ்சள் பூ பூக்கிற வகை, பொரியலுக்கு அது நல்லது. தைலத்துக்கு வெள்ளைப் பூ. காம்பை நசுக்கினா கொஞ்ச நேரத்துல கறுப்பாகும், அதுதான் அடையாளம். சாக்கடை ஓரத்துல செழிப்பா நிக்கும், அதைப் பறிக்காதீங்க. பச்சையா கிடைக்கலைன்னா ராசப்பச் செட்டித் தெரு நாட்டு மருந்துக் கடையில காய்ஞ்சதை வாங்கிக் கஷாயமா வைக்கலாம்: 250 கிராமுக்கு 4 லிட்டர் தண்ணி, 1 லிட்டராச் சுண்டவெச்சு வடிகட்டி, சாறுக்குப் பதிலா ஊத்துங்க. காய்ஞ்சதுல தூசியும் பூஞ்சையும் இருக்கும், உதறி முகர்ந்து பார்த்து வாங்கணும்.

அடிகனமான பாத்திரம், ஊத்துற மொத்த அளவுக்கு மூணு மடங்கு கொள்ளணும். நுரை பொங்கி அடுப்புல எண்ணெய் வழிஞ்சா தீப்பிடிக்கும், விளையாட்டுக் காரியம் இல்ல. சிறுதீ. கல்கம் அடியில பிடிக்காம மரக்கரண்டியால கிண்டிக்கிட்டே இருக்கணும். தண்ணி வத்த வத்தக் கல்கம் முதல்ல சேறு மாதிரி இருக்கும், அப்புறம் மெழுகு மாதிரி உருளும், கடைசியா மணல் மாதிரி உதிரும். தலைக்குத் தேய்க்கிறதுக்கு மெழுகு பதம் தாண்டி மணல் பதம் தொடுற நேரத்துல இறக்கணும்.

எப்படிக் கண்டுபிடிக்கிறது? கொஞ்சம் கல்கத்தை எடுத்து விரல்ல உருட்டுங்க, கையில ஒட்டாமத் திரியா வரணும். அந்தத் திரியை நெருப்புல காட்டினா சடசடன்னு சத்தம் வரக்கூடாது. சத்தம் வந்தா இன்னும் தண்ணி இருக்கு. எண்ணெய் மேல நுரை கூடி வர்றதும் பதத்துக்கு அடையாளம் (நெய்யா இருந்தா நுரை அடங்கும்). கல்கம் கருகிப் புகை வாடை வந்துட்டா அந்தத் தைலத்தை மனசு கேக்காம வெச்சுக்காதீங்க, கொட்டிடுங்க. கருகினது தலையில எரிச்சல் கொடுக்கும்.

இளஞ்சூட்டுல உலர்ந்த துணியில வடிச்சு, நல்லா வெயில்ல காய்ஞ்ச கண்ணாடி பாட்டில்ல ஊத்துங்க. ஆறுற வரைக்கும் மூடி போடாதீங்க, மூடியில கோக்குற வேர்வைதான் திரும்ப உள்ளே சொட்டும். கையை விட்டு எடுக்காம உலர்ந்த கரண்டி. பதம் சரியா இருந்தா மூணு நாலு மாசம் வாடை மாறாது.

பெரம்பூர்_தோல்நலம்

மேலே இரண்டு பேரும் சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் தைலம் காய்ச்சும் முன் நெற்றியைப் பாருங்கள். ஒரே அளவில், அரிப்போடு, பொடிப்பொடியாக என்று எழுதியிருக்கிறீர்கள். அது பெரும்பாலும் பருவே இல்லை. மயிர்க்காலில் ஈஸ்ட் பெருகி வருவது. தலைப்பொடுகுக்குக் காரணமான அதே கிருமிதான். எண்ணெய் அதற்குச் சாப்பாடு. வாரம் மூன்று இரவு தலையணையில் தேங்காய் எண்ணெயோடு முகம் புரண்டால் எந்தக் கஷாயத்துக்கும் அது அடங்காது. இரவு எண்ணெயை நிறுத்தி, கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பூவைத் தலையிலும் நெற்றியிலும் 5 நிமிடம் வைத்துக் கழுவட்டும், வாரம் இரண்டு அல்லது மூன்று முறை, நான்கு வாரம். தலையணை உறையை மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். அது அடங்கிய பிறகே தைலம்: 10 மி.லி. போதும், வகிடு வகிடாகப் பிரித்து விரல் நுனியால், நெற்றி ஓரத்தில் ஒரு விரல் இடம் விட்டு, 30 முதல் 45 நிமிடம், பிறகு அலசல்.

குங்குமாதி தைலத்துக்கும் இப்போது விடுமுறை கொடுங்கள். நல்லெண்ணெயில் காய்ச்சியது. பரு அடங்கி, கறை மட்டும் மிஞ்சியிருக்கும் உலர்ந்த முகத்துக்கு அது பொருந்தும். சென்னைப் புழுக்கத்தில், எண்ணெய் வடியும் முகத்தில் இரவு முழுக்க வேண்டாம்.

தாடையில் வலியோடு உருளும் பருக்கள் குழித்தழும்பு விடும். மூன்று மாதம் கஷாயம் குடித்துப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று காத்திருப்பதில்தான் பலருக்கும் முகம் பாழாகிறது. ஆகவே உள்மருந்து ஆயுர்வேதமாக இருந்தாலும், இரவில் அடாபலீன் 0.1 சதவீத ஜெல் ஒரு பட்டாணி அளவு, காலையில் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம் என்று தோல் மருத்துவரிடம் கேட்டு ஆரம்பிக்கலாம். அடாபலீனைப் பரு மேல் பொட்டு வைப்பது போல வைக்கக் கூடாது, தாடை முழுக்க மெல்லியதாகத் தடவ வேண்டும். முதல் மூன்று வாரம் தோல் உரியும், சிலருக்குப் பரு கூடும். ஒருநாள் விட்டு ஒருநாள் ஆரம்பித்தால் தாங்கும். கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களுக்கு அடாபலீன் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத அடைப்பு பருவாக வெளியே வர எட்டு வாரம் வரை ஆகும், அதனால் எதையும் 8 முதல் 12 வாரத்துக்கு முன் பயனில்லை என்று தூக்கிப் போடாதீர்கள்.

வீட்டில் எந்தச் சிவப்பழகு கிரீம் இருந்தாலும் டியூபைத் திருப்பிப் பாருங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் போன்ற பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. முதல் மாதம் முகம் பளபளக்கும், பிறகு அதுவே பருவை உண்டாக்கும். நிறுத்தினால் சிவந்து பொங்கும் என்பதால் மருத்துவர் சொல்படி குறைக்க வேண்டும்.

தண்ணீர் பற்றியும் ஒரு சந்தேகம் எப்போதும் வரும். போர் தண்ணீரின் உப்பு முடியைச் சொரசொரப்பாக்கி நடுவில் முறிக்கும். வேரோடு பிடுங்காது. உதிர்ந்த முடியின் ஒரு முனையில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் இருந்தால் வேரிலிருந்து வந்தது, காரணத்தை உள்ளே தேடுங்கள். இல்லையென்றால் முறிந்தது.

முகத்தில் தடித்த முடி திடீரென்று சில மாதத்தில் வளர்ந்தாலோ குரல் கனத்தாலோ இந்தத் திரியை மூடிவிட்டு அந்த வாரமே நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைப் பாருங்கள்.

நிவே_வேளச்சேரி

மிகவும் நன்றி. பயோட்டின், குங்குமாதி, இரவு எண்ணெய் மூன்றும் இன்றோடு நிறுத்தம். இன்னும் இரண்டு சந்தேகம். முகத்துக்கு லேபம் (மூலிகைப் பூச்சு) போடலாமா, எது? ஒரு நிலையத்தில் ஒரே நாள் விரேசனம் (பேதி சிகிச்சை), ரத்தம் சுத்தமாகும் என்கிறார்கள், போகலாமா? நேர அட்டவணையும் சொல்லிவிடுங்கள் ஐயா.

மயிலை_வைத்தியர்

விரேசனம் ஒரே நாளில் முடிகிற காரியம் இல்லையம்மா. முதலில் மூன்று முதல் ஏழு நாள் மருந்து நெய்யை அளவு கூட்டிக்கொண்டே குடிக்க வேண்டும், பிறகு எண்ணெய் தேய்த்து வியர்வை, அதற்குப் பிறகுதான் பேதி மருந்து. முடிந்ததும் கஞ்சியில் ஆரம்பித்துப் படிப்படியாகச் சாப்பாட்டுக்குத் திரும்ப வேண்டும். முன்னும் பின்னும் இல்லாமல் பேதியாக மட்டும் போனால் நீர்ச்சத்தும் பலமும்தான் வெளியேறும். ஹீமோகுளோபின் 10.8 உள்ளவருக்கு இப்போது வேண்டவே வேண்டாம். 12 தாண்டட்டும், பிறகு பேசலாம். அரும்பாக்கம் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனையில் ஆயுர்வேதப் பிரிவு உண்டு, அங்கே காட்டிக் கேளுங்கள். தாம்பரம் சானடோரியத்தில் இருப்பது தேசிய சித்த மருத்துவ நிறுவனம். அது வேறு முறை, மருந்துகளும் வேறு. இரண்டையும் ஒரே நேரத்தில் கலந்து சாப்பிடக் கூடாது. எங்கே போனாலும் இரும்பு, தைராய்டு மாத்திரைச் சீட்டுகளைக் காட்டுங்கள்.

லேபம்: வெள்ளிலோத்திரப் பட்டை, கொத்தமல்லி விதை, வசம்பு. சார்ங்கதரர் பருவுக்கென்றே சொன்னது. மூன்றும் சம அளவு, தனித்தனியாக இடித்து மெல்லிய துணியில் சலிக்க வேண்டும். மிக்ஸியில் ஒன்றாகப் போட்டால் பட்டை நறநறவென்று நின்று தோலைக் கீறும். வசம்பு சிலருக்கு எரியும், அவர்களுக்குப் பாதியாகக் குறைக்கலாம். ஒரு தேக்கரண்டிப் பொடியைத் தண்ணீரில் குழைத்து முதலில் முழங்கையின் உள்பக்கம் தடவி ஒருநாள் பார்க்கவும். பிறகு வாரம் இரண்டு முறை, பகலில், 15 நிமிடம். இரவில் லேபம் கூடாது. காய்ந்து இறுக விடவும் கூடாது, காய்ந்தால் தோல் வறண்டு நிறம் கெடும். ஈரமாக்கி ஊறவைத்து எடுக்க வேண்டும், உரித்துத் தேய்த்து எடுத்தால் சீழ்ப்பரு உடைந்து பரவும். உடைந்த பருவின் மேல் போடாதீர்கள். அடாபலீனால் தோல் உரிகிற வாரங்களில் லேபத்தை விட்டுவிடுங்கள்.

எலுமிச்சைச் சாறு முகத்தில் வேண்டாம், வெயில் பட்டால் கருத்துப் புண்ணாகும். மே மாதத்தில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் பத்து மணிக்கே சுடும். தலையில் வெந்நீர் முடிக்கும் கண்ணுக்கும் கேடு என்பது வாக்படர் சொன்னது, ஆகவே தலைக்குளியலைக் காலை ஏழுக்குள் முடிக்கட்டும்.

நேரம் இப்படி. காலை 6: தைராய்டு மாத்திரை, வெறும் தண்ணீரில் மட்டும். 8 மணிக்கு டிபன். 9 மணிக்குப் பிறகு காபி. 11:30: இரும்பு மாத்திரை, எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு. உங்கள் மருத்துவர் ஒத்துக்கொண்டால் ஒருநாள் விட்டு ஒருநாள், அப்படிக் கொடுத்தால் நன்றாக ஏறும், வயிற்று வலியும் குறையும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் சாரிபாத்யாசவம். மாலை 6: கஷாயம், வெறும் வயிற்றில். வழக்கமாக இரண்டு வேளை தருவது. ஆனால் காலை வேளை தைராய்டு மாத்திரையோடு மோதுவதால் மாலை மட்டும் போதும். இரவு 10: திரிபலா. கஷாயத்திலும் திரிபலாவிலும் துவர்ப்பு உண்டு, அது இரும்பைப் பிடித்து வெளியே அனுப்பிவிடும், அதனால்தான் இத்தனை மணி நேர இடைவெளி. கால்சியம் மாத்திரை இருந்தால் இரவுச் சாப்பாட்டோடு. இரும்பு மாத்திரை எடுக்கும் வரை லோகாசவம், தாத்ரி லோகம் சேர்க்க வேண்டாம், இரண்டிலும் இரும்பு இருக்கிறது.

நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் ஏறக்குறைய 1 கிராம் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லையென்றால் மாத்திரை சரியாகச் சாப்பிடவில்லை, அல்லது எங்கோ ரத்தம் போகிறது, அல்லது குடல் உறிஞ்சவில்லை, தேட வேண்டும். 12 தொட்டதும் நிறுத்திவிடாதீர்கள், சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் வேண்டும். வகிட்டை மாதம் ஒருமுறை, அதே ஜன்னல் வெளிச்சத்தில், உலர்ந்த தலையில் படம் எடுங்கள். முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு செ.மீ.தான் வளரும், ஆகவே முதல் படத்தையும் ஆறாம் மாதப் படத்தையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பாரிமுனை_மருந்தாளுநர்

ஒரு சின்ன விஷயம். வெள்ளிலோத்திரம் கேக்கும்போது பட்டையாவே வாங்குங்க, பொடி வேண்டாம், பொடியில என்ன கலந்திருக்குன்னு கண்ணால சொல்ல முடியாது. கஸ்தூரி மஞ்சளும் அப்படித்தான்: பளிச்சுன்னு மஞ்சளா இருக்கிற பொடி அசல் இல்ல. அசல் வெளிறின சந்தன நிறத்துல இருக்கும், முகத்துல கறை ஒட்டாது. வீட்டுல காய்ச்சத் தோதுப்படலைன்னா திருவான்மியூர் இம்காப்ஸ்ல தலைத் தைலங்கள் கிடைக்கும், 1944லிருந்து இருக்கிற கூட்டுறவு மருந்துச் சாலை. பாட்டில் மேல தயாரிச்ச மாசம் பார்த்து வாங்குங்க.